கோத்தகிரியில் இளஞ்சிவப்பு ஹைட்ராஞ்சியா நிலைக்குமா?

கோத்தகிரி மலர்
11 ஜூன் 2023, காலை 7:20

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு வேலியோரம் ஒரு வரிசை ஹைட்ராஞ்சியா நிற்கிறது. மாமியார் குச்சி நட்டு வளர்த்தவை. அத்தனையும் நீலம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே நீலத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊட்டிக்குப் போனபோது ஒரு நர்சரியில் தொட்டிச் செடி ஒன்று ரோஸ் மில்க் நிறத்தில் பூத்திருந்தது. ஆசையோடு வாங்கிவந்து வரிசையின் நடுவில் நட்டேன். போன ஆண்டு பூத்தபோது சிவப்பும் இல்லை, ஊதாவும் இல்லை, பாத்திரம் கழுவிய தண்ணீர் போல ஒரு நிறம். இந்த ஆண்டு சுத்த நீலம்! சாயத் தண்ணீர் ஊற்றி ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார் கணவர். பேசாமல் பூண்டு போட்டிருக்கலாம் என்பது அவருடைய அடுத்த வரி.

இன்னொரு புதிரும் உண்டு. குளியலறைச் சுவரை ஒட்டி மாமியார் காலத்துச் செடி ஒன்று இருக்கிறது. அந்தச் சுவரைப் புதிதாகச் சிமெண்டு பூசிய பிறகு, அதன் சுவர்ப் பக்கக் கிளைகள் மட்டும் இளஞ்சிவப்பாகப் பூக்கின்றன. மறுபக்கம் பழைய நீலம். ஒரே செடி, ஒரே தூர். இது எப்படி?

மண்புழு
11 ஜூன் 2023, காலை 9:05

மலர் அம்மா, நர்சரிக்காரர் நிரபராதி. கேள்விக்கான பதிலை உங்கள் குளியலறைச் சுவரே சொல்லிவிட்டது.

உங்களிடம் இருப்பது ஹைட்ராஞ்சியா மேக்ரோஃபில்லா என்ற இனம். அதன் நீலப் பூவிலும் இளஞ்சிவப்புப் பூவிலும் இருப்பது ஒரே நிறமிதான், டெல்ஃபினிடின் வகையைச் சேர்ந்த ஆந்தோசயனின். அலுமினியம் வந்து சேர்ந்தால் அது நீலமாகத் தெரியும், சேராவிட்டால் இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

அலுமினியத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். பூமியின் மேலோட்டில் மிக அதிகமாக இருக்கும் உலோகமே அதுதான். எல்லா மண்ணிலும் உண்டு, ஆனால் பெரும்பாலும் கரையாமல் பூட்டிக் கிடக்கும். மண் புளித்திருந்தால், அதாவது புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே போனால், பூட்டு திறந்து அலுமினியம் கரையும். வேர் அதை உறிஞ்சிப் பூவரைக்கும் அனுப்பிவிடும். 6.5ஐ நெருங்கினால் மீண்டும் பூட்டிக்கொள்ளும். நடுவில் இருந்தால் நீங்கள் சொன்ன பாத்திரம் கழுவிய நிறம். (சிலர் அதற்கு லாவெண்டர் என்று பெயர் வைத்து அதிக விலைக்கு விற்கிறார்கள்.)

புதுப் பூச்சிலிருந்து கசியும் சுண்ணாம்பு சுவரோர மண்ணின் புளிப்பை முறித்துவிட்டது. அந்தப் பக்கத்து வேர்களுக்கு அலுமினியம் கிடைக்கவில்லை, அவை ஊட்டுகிற கிளைகள் இளஞ்சிவப்பாகின்றன. ஒரே செடியில் இரண்டு நிறம் வருவது இப்படித்தான்.

லிட்மஸ் தாள்
11 ஜூன் 2023, மதியம் 1:48

மன்னிக்கவும், எனக்கு ஒரு சந்தேகம். அமிலம் பட்டால் சிவப்பு, காரம் பட்டால் நீலம் என்றுதான் பள்ளியில் படித்தோம். எங்கள் வீட்டுச் சங்குப்பூத் தேநீரில் எலுமிச்சை பிழிந்தாலும் நீலம் போய் ஊதாச் சிவப்பாகிறது. இங்கே அமில மண்ணில் நீலம் என்கிறீர்களே? தலைகீழாக இருக்கிறதே?

மண்புழு
11 ஜூன் 2023, இரவு 8:30

நல்ல கேள்வி. சங்குப்பூவில் நீங்கள் எலுமிச்சையை நிறமியின் தலையிலேயே பிழிகிறீர்கள். அமிலமும் நிறமியும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஹைட்ராஞ்சியாவிலோ மண்ணின் புளிப்பு பூவுக்கு ஏறுவதே இல்லை. இதழின் செல்லுக்குள் இருக்கும் சாறு, பூ எந்த நிறமானாலும், எப்போதும் புளிப்புதான். மண்ணின் புளிப்பு வேரடியிலேயே நின்று அலுமினியத்தைக் கரைத்துவிடுவதோடு சரி. அப்புறம் நடப்பதெல்லாம் அலுமினியத்தின் கைவரிசை. நிறமி, அலுமினியம், இதழில் இயல்பாகவே இருக்கும் இன்னொரு நிறமற்ற கரிமப் பொருள், மூன்றும் கைகோத்தால் நீலம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் கூமி யோஷிதா என்ற வேதியியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்.

எனவே பி.எச். என்பது சாவி மட்டும். அமிலமாக இருந்தும் அலுமினியமே இல்லாத கலவையில் நட்டால் பூ நீலமாகாது. தொட்டியில் வளர்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. இதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

போகிறபோக்கில் இன்னொன்று: நாம் இதழ் என்று சொல்லிக்கொண்டிருப்பவை புல்லி இதழ்கள். உண்மையான பூ நடுவில் கடுகளவு இருக்கும், யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மதுரைச் சாயக்காரர்
12 ஜூன் 2023, காலை 6:15

மண்புழு சொல்வதைக் கேட்டதும் எங்கள் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. என் தாத்தா சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டவர். துணியைப் படிகார நீரில் நனைக்காமல் சாயவேர்க் கொப்பரையில் போட்டால் நிறம் பிடிக்காது. படிகாரம் ஏறிய இடத்தில் சிவப்பு வரும், இரும்புக் கரைசல் ஏறிய இடத்தில் அதே வேர் கருமை காட்டும். வேர் ஒன்று, உலோகத்துக்குத் தகுந்தபடி நிறம் வேறு. படிகாரத்தில் இருப்பது அலுமினியம்தானே? அப்படியானால் இந்தச் செடி தன் பூவுக்குத் தானே சாயப்பற்று போட்டுக்கொள்கிறது!

மண்புழு
12 ஜூன் 2023, காலை 6:40

ஐயா, நான் மூன்று பத்தி எழுதியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

சேர்வராயன் செண்பகம்
12 ஜூன் 2023, காலை 11:22

இத்தனை வேதியியல் எதற்கு? ஏற்காட்டில் எங்கள் பாட்டி ஹைட்ராஞ்சியா தூரில் துருப்பிடித்த ஆணிகளைப் புதைப்பார். வடிகட்டிய காபித்தூளையும் தினமும் கொட்டுவார். பூ நீலம் என்றால் அப்படி ஒரு நீலம்! பெரியவர்கள் சொன்னதில் அர்த்தம் இருக்கும். இப்போதைய பிள்ளைகள் எதையும் நம்புவதில்லை.

மண்புழு
12 ஜூன் 2023, மதியம் 12:10

செண்பகம் அம்மா, பாட்டிமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் ஆணி புதைத்தது எந்த மலையில் என்று பாருங்கள். சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூருக்கு இறக்கி அலுமினியம் எடுத்தார்கள். பாக்சைட் என்பதே அலுமினியத்தின் தாது. அந்த மண்ணில் நின்றுகொண்டு பூ நீலமாகப் பூத்தால் பெருமை ஆணிக்கா, மலைக்கா? ஆணி தருவது இரும்பு. ஹைட்ராஞ்சியாவை நீலமாக்க அது உதவாது.

வடிகட்டிய காபித்தூளில் புளிப்பு முக்கால்வாசி தம்ளருக்குள் போய்விடுகிறது. மீதி சக்கை நடுநிலைக்குப் பக்கத்தில் நிற்கும். மண்ணுக்கு நல்ல மக்கு, அவ்வளவுதான். ஆரஞ்சுத் தோல், வினிகர் என்று அடுத்து யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வினிகரின் புளிப்பு சில நாட்களில் மண்ணில் கரைந்து காணாமல் போய்விடும்.

ஆணியை முழுக்கப் பழிக்கவும் மனம் வரவில்லை. ஜப்பானில் கத்தரிக்காய் ஊறுகாய் போடும்போது தோலின் நிறம் மங்காமலிருக்க இரும்பு ஆணியோ படிகாரமோ சேர்ப்பது பழைய வழக்கம். கத்தரித் தோலின் நிறமியும் டெல்ஃபினிடின் குடும்பம்தான். ஆக, ஆணிக்கு வேலை இருக்கிறது, ஊறுகாய்ப் பானையில்.

சேர்வராயன் செண்பகம்
12 ஜூன் 2023, மதியம் 12:31

பாட்டியைப் பானைக்குள் போட்டுவிட்டீர்கள். பரவாயில்லை. ஆனால் அடுத்த பருவத்தில் ஒரு செடிக்கு மட்டும் ஆணி வைத்துப் பக்கத்துச் செடிக்கு வைக்காமல் பார்க்கத்தான் போகிறேன்.

தேயிலைத் தாத்தா
12 ஜூன் 2023, மாலை 5:55

வால்பாறையிலும் பிறகு நீலகிரியிலுமாக முப்பத்தொரு ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பங்களா வாசலில் நீல ஹைட்ராஞ்சியா இல்லாத எஸ்டேட்டை நான் கண்டதில்லை. காரணம் எளிது. தேயிலைக்கு வேண்டியதும் புளிப்பு மண், 4.5 முதல் 5.5 வரை. தேயிலையும் அலுமினியத்தை விரும்பி உறிஞ்சி முற்றிய இலையில் சேர்த்துவைக்கிற செடி. தேயிலை செழிக்கிற மண்ணில் ஹைட்ராஞ்சியா நீலமாகத்தான் பூக்கும். மலர் கண்ணு, உன் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலைதானே?

ஆண்டுக்கணக்கில் உரம் போட்டுப் போட்டு எங்கள் மண் அளவுக்கு மீறிப் புளித்துவிடும். அப்போது கவாத்துக்கு முன்பு டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் போடுவோம். ஏக்கர் கணக்கில் மூட்டை மூட்டையாக இறைத்தாலும் பி.எச். அரைப் புள்ளி ஏறினாலே பெரிய விஷயம். அடுத்த சுற்றில் மறுபடியும் இறங்கிவிடும். மேலே பெய்கிற மழை சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். ஒரு செடிக்காக அந்த மண்ணோடு மல்லுக்கட்டுவது வீண். எனக்குக் கேட்டால் நீலமே இருக்கட்டும் என்பேன். நீலகிரியில் இருந்துகொண்டு நீலம் வேண்டாம் என்றால் எப்படி?

கோத்தகிரி மலர்
12 ஜூன் 2023, இரவு 9:02

தாத்தா, தேயிலைதான், எங்கள் வேலியிலிருந்து பத்தடிகூட இல்லை. ஆனால் நீலத்தை நான் வெறுக்கவில்லை. பத்துச் செடி நீலம் இருக்கட்டும், ஒன்றே ஒன்று இளஞ்சிவப்பு வேண்டும் என்கிறேன். அதற்குக்கூட எனக்கு உரிமை இல்லையா?

பெங்களூரு மாடி
13 ஜூன் 2023, காலை 8:17

இந்த இழையைப் படித்து வயிறு எரிகிறது. நான் நான்கு ஆண்டுகளாக நீலத்துக்காகத் தவம் கிடக்கிறேன். மாடியில் சிமெண்டுத் தொட்டியில் மூன்று செடிகள். கொடைக்கானலில் வாங்கும்போது வானத்து நீலம். இங்கே வந்த மறு ஆண்டே வெளுத்த ரோஜா நிறம். ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பூ நன்றாக வரவேண்டுமென்று மாதம் ஒரு பிடி டிஏபி உரமும் எலும்புத்தூளும் போடுகிறேன். என்ன தவறு செய்கிறேன்?

மண்புழு
13 ஜூன் 2023, காலை 10:44

நண்பரே, இளஞ்சிவப்பு வரவழைப்பது எப்படி என்று யாராவது பாடம் கேட்டால் உங்களிடம் அனுப்பிவைக்கலாம். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை நீங்கள்.

சிமெண்டுத் தொட்டி சுண்ணாம்பு கசியும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுந்திருக்கும், கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சங்கதி. தினமும் ஒரு துளி சுண்ணாம்பு ஊற்றுவதற்குச் சமம். எல்லாவற்றுக்கும் மேல் டிஏபியும் எலும்புத்தூளும். அவற்றிலுள்ள பாஸ்பரஸ் அலுமினியத்தைக் கண்டால் விடாது, கட்டிப்பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். மண் புளிப்பாக இருந்தாலும் பாஸ்பரஸ் அதிகமானால் நீலம் வராது. நீலம் வேண்டுவோர் பாஸ்பரஸ் குறைவாகவும் பொட்டாஷ் அதிகமாகவும் கொடுக்க வேண்டும்.

செய்யவேண்டியது: மண் தொட்டிக்கோ பிளாஸ்டிக் தொட்டிக்கோ மாற்றுங்கள். கலவையில் செம்மண்ணும் இலை மக்கும் இருக்கட்டும். வெறும் தென்னைநார்க் கழிவில் நட்டால் அலுமினியத்துக்கு நாதியில்லை. அலுமினியம் சல்பேட் தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்கும் கடைகளில் கிடைக்கும். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 கிராம். முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாக்கிவிட்டு அப்புறம் இதை ஊற்றுங்கள், இலையில் படாமல். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். புதுத் துளிர் விடும் காலத்தில் தொடங்கி மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மூன்று தடவை போதும். அதிகம் போட்டால் அதிக நீலம் வரும் என்று நினைத்தால் செடி போய்விடும், தொட்டி மட்டும் மிஞ்சும்.

அலுமினியம் சல்பேட் கிடைக்காவிட்டால் நாட்டு மருந்துக் கடைப் படிகாரமே போதும். சீனக்காரம் என்பதும் அதுதான். அதில் அலுமினியம் சற்றுக் குறைவு, எனவே 20 கிராம் வரை போகலாம். இடித்துத் தூளாக்கி வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, அளவுக்குத் தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள்.

கந்தகத் தூளும் மண்ணைப் புளிக்கவைக்கும். ஆனால் அதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும்.

பெங்களூரு மாடி
13 ஜூன் 2023, காலை 10:58

இப்போது பூத்திருக்கும் பூவில் ஊற்றினால் எத்தனை நாளில் மாறும்?

மண்புழு
13 ஜூன் 2023, காலை 11:03

மாறாது. விரிந்த பூ விரிந்ததுதான். மொட்டு உருவாகும்போது வேரடியில் என்ன இருந்ததோ அதுதான் நிறம். அடுத்த பருவத்தில் பாருங்கள். பழைய செடியென்றால் இரண்டு பருவம்கூட ஆகலாம்.

ஹட்டன் மகள்
14 ஜூன் 2023, அதிகாலை 2:36

இங்கிலாந்தின் சர்ரேயிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது இலங்கையின் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில். நுவரெலியாப் பாதையோரம் இந்தப் பூ நீலமாகக் குவிந்து கிடக்கும். யாரும் நட்டது போலவே இராது. நீலம்தான் அதன் நிறம், வேறு நிறமே கிடையாது என்று நம்பி வளர்ந்தவள் நான். இங்கே வந்து முதல் கோடையில் தெருவெல்லாம் இளஞ்சிவப்பாக அதே இலை, அதே கொத்து! வேறு செடி என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் பெயர் கேட்டேன்.

எங்கள் வீடு சுண்ணாம்புக் கல் மேட்டில் இருக்கிறது. கையால் தோண்டினாலே வெள்ளைக் கல் வரும். குழாய்த் தண்ணீரும் கடினநீர். மண்ணில் வைத்து நீலம் வரவழைக்க மூன்று கோடை முயன்றேன். நீலமாக்கும் தூள் என்றே இங்கே தோட்டக் கடைகளில் விற்கிறார்கள், அதுவும் அலுமினியம் சல்பேட்தான். பூ வெளிர் ஊதா வரைக்கும் வந்தது, தூளை நிறுத்திய மறு ஆண்டே பழையபடி. கடைசியில் பெரிய தொட்டிக்கு மாறினேன். அசேலியா, கமேலியா போன்ற புளிப்பு விரும்பிகளுக்கென்று விற்கும் கலவை, கூரையிலிருந்து பீப்பாயில் பிடிக்கும் மழைநீர், மாதம் ஒருமுறை அந்தத் தூள். இரண்டாவது ஆண்டில் அம்மம்மா வீட்டு நீலம் வந்தது. அன்று கொஞ்சம் அழுதேன் என்பதை இங்கே சொன்னால் சிரிக்க மாட்டீர்கள்தானே?

1789இல் ஜோசப் பேங்க்ஸ் என்ற தாவரவியலாளர் சீனாவிலிருந்து இந்தச் செடியை லண்டன் கியூ தோட்டத்துக்கு வரவழைத்தார் என்று படித்திருக்கிறேன். அது இளஞ்சிவப்பு. ஆனால் பூர்வீகம் ஜப்பான். அங்கே இதற்கு அஜிசாய் என்று பெயர், ஏழு மாற்றம் என்று பொருள்படும் இன்னொரு பெயரும் உண்டு. நிலையில்லாத மனத்துக்கு அங்கே இந்தப் பூவைத்தான் சொல்வார்களாம்.

கோத்தகிரி மலர்
14 ஜூன் 2023, காலை 7:11

தங்கச்சி, சிரிக்கவில்லை. உங்கள் அம்மம்மா வீட்டு நீலம் இங்கே வேலியோரம் வீணாய்ப் பூத்துக் கொட்டுகிறது. அனுப்ப வழி இருந்தால் அனுப்பியிருப்பேன்.

நிலையில்லாத மனம் என்று என்னைத்தான் குத்திக் காட்டினீர்கள் என்கிறார் கணவர்.

வேளச்சேரி வெயில்
14 ஜூன் 2023, காலை 9:40

சென்னையில் வளருமா?

மண்புழு
14 ஜூன் 2023, காலை 9:52

வளரும். பூக்காது. மொட்டு உருவாகச் சில வாரங்கள் தொடர்ந்து குளிர்ச்சி வேண்டும், அதைச் சென்னை தராது. மலையிலிருந்து பூத்த தொட்டி வாங்கிவந்து வைத்தால் பூ வாடும்வரை பார்க்கலாம். செம்பருத்தி வையுங்கள்.

தேயிலைத் தாத்தா
14 ஜூன் 2023, மாலை 6:20

பேச்சோடு பேச்சாக ஒன்று. ஆடு மாடு இருக்கும் வீட்டார் இந்தச் செடியின் இலையை அவை கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம். ஜப்பானில் 2008இல் உணவகத் தட்டில் அழகுக்கு வைத்த இலையைத் தின்று மனிதர்களே வாந்தியெடுத்துப் படுத்திருக்கிறார்கள்.

கோத்தகிரி மலர்
15 ஜூன் 2023, காலை 7:30

சரி. இப்போது என் வழக்குக்கு வருவோம். மண்ணில் இருப்பதற்கு டோலமைட் போட்டுப் பார்க்கவா, தாத்தா சொன்னதுபோல் விட்டுவிடவா? இன்னொரு சந்தேகம்: ஜனவரியில் தோட்டக்காரர் இரண்டு செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். அவை இந்த ஆண்டு ஒரு கொத்துகூடப் பூக்கவில்லை. அதற்கும் மண்தான் காரணமா?

மண்புழு
15 ஜூன் 2023, காலை 9:15

அதற்கு மண் காரணமில்லை, அரிவாள் காரணம். இந்த இனம் முந்தைய பருவத்தில் வளர்ந்த கிளையின் நுனியில்தான் மொட்டைச் சுமந்துகொண்டிருக்கும். ஜனவரியில் நுனியை வெட்டினால் பூவையே வெட்டியதாகும். பூ வாடியவுடன், கொத்துக்குக் கீழே முதல் நல்ல கணுவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

டோலமைட் விஷயத்தில் நான் தாத்தா பக்கம், ஆனால் பாதி தூரம்தான். மண்ணில் நிற்பதை மாற்ற முயலாதீர்கள். ஆர்வத்தில் சுண்ணாம்பை அள்ளிப் போட்டால் இரும்புச்சத்து பூட்டிக்கொள்ளும், இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அதையும் தாண்டிச் சுண்ணாம்பு வேலி தாண்டித் தேயிலைக்குப் போனால் தாத்தா உங்களோடு பேச மாட்டார்.

நர்சரியில் வாங்கிய செடியிலிருந்து பூக்காத கிளை ஒன்றில் இரண்டு கணுவோடு குச்சி எடுத்து வேர் பிடிக்கவையுங்கள். தொட்டியில் நடுங்கள். உங்கள் தோட்டத்து மண் ஒரு பிடிகூட அதில் சேரக்கூடாது. தென்னைநார்க் கழிவு, ஆற்றுமணல், தொழுவுரம், ஒரு தொட்டிக்கு இரண்டு கரண்டி டோலமைட். அடுத்து பெங்களூரு நண்பர் கைவசம் இருக்கும் டிஏபியை இனி உங்களுக்கு அனுப்பிவிடலாம், பாஸ்பரஸ் கொஞ்சம் தாராளமாகவே கொடுங்கள். நர்சரிக்காரரும் இதைத்தான் செய்திருப்பார்.

வெள்ளை ரகத்தை வாங்கிவிட்டு நிறம் மாறவில்லை என்று யாரும் எழுத வேண்டாம். அதில் மாறுவதற்கு நிறமியே கிடையாது. வயதானால் வெயிலில் லேசாகச் சிவக்கும், அதோடு சரி.

பெங்களூரு மாடி
15 ஜூன் 2023, காலை 9:33

மலர் அக்கா, நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். ஆகஸ்டில் குடும்பத்தோடு கோத்தகிரி வருகிறோம். உங்களுக்கு வேண்டாத அந்த மண்ணை இரண்டு சாக்கு எடுத்துக்கொள்ளலாமா?

கோத்தகிரி மலர்
15 ஜூன் 2023, காலை 9:50

தாராளமாக. மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். டிஏபி மூட்டையை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

கோத்தகிரி மலர்
19 மே 2024, காலை 7:05

ஓராண்டாகத் தூங்கிய இழையை எழுப்புகிறேன். மூன்று குச்சிகளில் இரண்டு பிழைத்தன. தொட்டியில் மண்புழு சொன்ன கலவை. சின்னது ஒரே ஒரு கொத்துத்தான் விட்டிருக்கிறது, ஆனால் ரோஸ் மில்க்! பெரியது ஏனோ ஓரத்தில் ஊதா காட்டுகிறது. யோசித்துப் பார்த்தால் அந்தத் தொட்டி தரையில் இருந்தது. அடியில் ஓட்டை வழியாக வேர் இறங்கி மண்ணைத் தொட்டிருக்கிறது. தூக்கிப் பார்த்தபோது அறுந்தது. இப்போது செங்கல் மேல் வைத்திருக்கிறேன்.

தாத்தா, வேலியோரத்தில் எல்லாம் நீலமே. நர்சரியில் வாங்கியதும் இப்போது மாமியார் செடிகளோடு கலந்து, எது எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சேர்வராயன் செண்பகம்
19 மே 2024, காலை 10:26

என் கணக்கையும் எழுதிவிடுகிறேன். ஆணி வைத்த செடி நீலம். ஆணி வைக்காத செடியும் நீலம். இதற்குமேல் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

பெங்களூரு மாடி
19 மே 2024, இரவு 9:44

நானும் வந்துவிட்டேன். கோத்தகிரி மண்ணும் செம்மண்ணும் கலந்து இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, படிகாரம் மூன்று தடவை. ஒன்றுக்கு மழைநீர் சேமித்து ஊற்றினேன், மற்றொன்றுக்கு மழைநீர் தீர்ந்ததும் பழைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே. முதல் தொட்டி நீலம். ஐந்து ஆண்டுக்குப் பிறகு! இரண்டாவது தொட்டி மலர் அக்கா சொன்ன பாத்திரம் கழுவிய நிறம். மனைவிக்கு அந்த நிறம்தான் பிடித்திருக்கிறது, சேலை எடுக்கலாம் போலிருக்கிறது என்கிறாள்.

மழைநீர்த் தொட்டியை இன்னும் பெரிதாக்க வேண்டும். அதற்குள் இன்னும் இரண்டு சாக்கு மண் கிடைக்குமா அக்கா?

கோத்தகிரி மலர்
20 மே 2024, காலை 6:50

மண் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. போன தடவை கொண்டுபோன சாக்கு இரண்டையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். அவை பூண்டுச் சாக்கு, கணவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.